ஆலய வாசலுக்கு நான் காவல் நின்ற கதை

அன்பும் மரியாதையும் நிறைந்த வெல்மா அக்காவுக்கு,

உங்கள் கடைசித் தம்பி ஹார்லன் மிசௌரியிலிருந்து பணிவோடு எழுதுவது. கான்சாஸில் நீங்களும் அத்தானும் கோதுமையும் மூட்டுவலியுமாகச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. எங்கள் வீட்டில் தங்கியிருந்ததை நானே விரட்டிவிட்டேன். இங்கே வீட்டுக்காரி நாடீன் நலம், கோழிகள் நலம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஊர்வாய் முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருஷம் வேறொரு மாநிலத்தில் ஆராதனை நடக்கும்போதே ஒருவன் புகுந்து சுட்ட செய்தி வந்ததல்லவா? அதிலிருந்து எங்கள் சபையில் யாருக்கும் கண்ணை மூடி ஜெபிக்க முடியவில்லை. ஒரு கண் மூடியிருக்கும், ஒரு கண் கதவைப் பார்க்கும். ரம்சி பாஸ்டர் ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, காப்பியும் டோனட்டும் கொடுத்து, "வாசல்ல துப்பாக்கியோட ஆள் நிறுத்தலாமா, வேணாமா? மனசுல இருக்கறதைச் சொல்லுங்க" என்றார். அக்கா, போர்க்காலத்தில் ஆயுதம் தொடமாட்டேன் என்று சொல்லி, அதற்குப் பதிலாக மனநோய் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டி வந்த நம் அப்பாவின் பிள்ளை நான். வாயை மூடிக்கொண்டு டோனட்டைத் தின்றிருக்க வேண்டும். எழுந்து நின்றேன். "மேலாடையை வித்தாவது வாள் வாங்குங்கன்னு ஆண்டவரே சீஷருக்குச் சொல்லியிருக்காரு! வீட்டைக் காப்பாத்தாதவன் என்ன மேய்ப்பன்?" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். ஓய்வுபெற்ற பிறகு எனக்கு யாரும் கைதட்டியதில்லை. அது தலைக்கு ஏறிவிட்டது.

ஆர்கன் வாசிக்கிற ஆர்டித் அம்மாள் மட்டும் கையைத் தூக்கினார். "ஹார்லன், அதுக்கு அடுத்ததையும் படிங்க. சீஷருங்க 'இதோ ரெண்டு வாள் இருக்கு'ன்னாங்க. 'போதும்'னுட்டாரு. அத்தனை பேருக்கு ரெண்டு வாள் போதும்னா அது சண்டைக்குச் சொன்ன மாதிரியா இருக்கு? அதுல ஒண்ணை வச்சு பேதுரு ஒருத்தன் காதை வெட்டினான். ஒட்டவைக்கிற வேலை ஆண்டவர் தலையில விழுந்துச்சு."

"சரிம்மா, உங்க வீட்டுக்குத் திருடன் வந்தா என்ன செய்வீங்க? ஆர்கன் வாசிப்பீங்களா?"

"நான் வாசிக்கறதைக் கேட்டா அவனே ஓடிடுவான்." கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "என்ன செய்வேன்னு எனக்குத் தெரியாதுப்பா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயந்தா பயந்தேன்னு சொல்லுவோமே. பயத்துக்கு எதுக்கு வசனம் தேடறீங்க?"

வாக்கெடுப்பில் ஆர்டித் அம்மாள் தோற்றார். சத்தமாகப் பேசியவன் என்பதால் காவல் குழுவுக்கு என்னையே தலைவனாக்கினார்கள். ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போனேன், சான்றிதழ் வாங்கினேன், ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு எழுந்து நின்றால், அந்தப் பாரம் இழுத்து என் கால்சட்டை இறங்குகிறது. ஒரு கையில் பாட்டுப் புத்தகம், ஒரு கையில் கால்சட்டை. பக்கத்திலிருந்தவர் நான் பரவசப்பட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுத்து ஐக்கிய விருந்தில், சாப்பாட்டுக்கு ஜெபம் செய்ய என்னை அழைத்தார் பாஸ்டர், எழுந்தேன், துப்பாக்கிப் பிடி நாற்காலிக் கம்பியில் மாட்டிக்கொண்டதால் நாற்காலியும் என்னோடு எழுந்தது. நாற்காலியை முதுகில் சுமந்தபடியே உருளைக்கிழங்கு சாலடை ஆசீர்வதித்தேன். நாடீன் வீட்டுக்கு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

அத்தோடு நின்றிருந்தால் இதை உங்களுக்குச் சிரிக்க எழுதியிருப்பேன்.

அக்டோபர் மாதத்து ஞாயிறு, வெயில் கோடைபோல அடிக்கிறது. உள்ளே இரண்டாவது பாட்டு. நான் வாசலில். நெட்டையாக, தாடியோடு, முழங்கால் வரைக்கும் கறுப்புக் கம்பளிக் கோட்டு மாட்டிய ஒருவன் படியேறி வருகிறான். வலதுகை கோட்டுக்குள்ளே நெஞ்சோடு எதையோ பிடித்திருக்கிறது.

"தம்பி, கையை வெளியே எடு."

"எடுக்க முடியாதுங்க ஐயா. விழுந்துடும்."

அந்த 'விழுந்துடும்' என் காதில் 'வெடிச்சுடும்' என்றுதான் விழுந்தது. எப்படி உருவினேனோ தெரியாது, துப்பாக்கி அவன் முகத்துக்கு நேரே நிற்கிறது, என் குரல் கோழிக்குஞ்சு குரலாகக் கீச்சிடுகிறது. "எடுடா கையை! ரெண்டு கையையும் தூக்கு!"

தூக்கினான். கோட்டுக்குள்ளிருந்து ஒரு தகரப் பிஸ்கட் டப்பா, பனியும் மான்களும் வரைந்தது, நழுவி வாசற்படியில் விழுந்து மூடி தெறித்தது. சாம்பல் நிறத் தூள் என் சப்பாத்து மேலெல்லாம் கொட்டியது. "வெடிமருந்து! எல்லாரும் கீழே படுங்க!" என்று கத்தினேன். சபை முழுக்கப் பெஞ்சுக்கு அடியில் விழுந்தது. ஆர்டித் அம்மாளின் கை கட்டைகளிலேயே உறைந்துபோக, ஆர்கன் ஒரே சுரத்தில் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது.

அவன் மண்டியிட்டான். இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தத் தூளைக் கூட்டி அள்ளினான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "எங்கம்மாங்க ஐயா. தயவுசெய்து மிதிக்காதீங்க."

வெர்னா டாக்கெட்டின் மகன் லைல். வெர்னா எங்கள் பாடற்குழுவில் பாடியவர், நாடீனுக்கு வெள்ளரிக்காய் ஊறுகாய் போடக் கற்றுக்கொடுத்தவர். நோய் வந்த பிறகு மலைமேல் மகன் வீட்டோடு போய், அங்கேயே இறந்தும்விட்டார். தகனம் செய்த சாம்பலைச் சபைக் கல்லறையில் அடக்க விடுவார்களோ மாட்டார்களோ என்று தயங்கித்தான் அவன் டப்பாவை மறைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அந்தக் கோட்டு ஒன்றுதான் அவனிடமிருந்த நல்ல உடுப்பு. ஆலயத்துக்கு வருகிறோமே என்று போட்டு வந்தான், அக்கா.

அள்ள முடிந்ததை அள்ளிக்கொண்டு போய்விட்டான். பாஸ்டர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்கவில்லை. காற்று மீதியைக் கொண்டுபோனது. அன்றைக்கு யாரும் என் கையைக் குலுக்கவில்லை. "நீ உன் கடமையைத்தான் செஞ்சே" என்று ஒருவர் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

மறுநாள் நாடீன் செய்துகொடுத்த ஆப்பிள் கேக்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மலைக்குப் போனேன். துப்பாக்கியை எடுத்துப் போகவில்லை. ஆனால் கதவைத் திறந்தவன் கையில் வேட்டைத் துப்பாக்கி இருந்தது.

"அங்கேயே நில்லுங்க. நேத்து உங்க வாசல்ல நான். இன்னைக்கு என் வாசல்ல நீங்க. கையைத் தூக்குங்க பாப்போம்."

"தூக்க முடியாதுப்பா. கேக் விழுந்துடும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டோரம் லேசாகத் துடித்தது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை. துப்பாக்கியைக் கதவோரம் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தான். "உள்ளே கூப்பிட மாட்டேன் ஐயா. அம்மா மேசைமேல இருக்காங்க." இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து கேக்கைக் கையாலேயே பிய்த்துத் தின்றோம்.

"மன்னிச்சுடுப்பா" என்றேன்.

"உங்க மேல கோபம் இல்ல. ஊர் அப்படி ஆயிடுச்சு, நானே இந்தப் பீரங்கியை வச்சிருக்கேனே. ஆனா நீங்க நீட்டினப்போ ஒரு நிமிஷம், சுடட்டுமே, அம்மாகூடவே போயிடலாமேன்னு தோணுச்சு. அதைத்தான் மறக்க முடியல." அப்புறம் கேட்டான்: "நெசமாவே சுட்டிருப்பீங்களா?"

"தெரியலப்பா" என்றேன். அது பொய். அவன் இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் சுட்டிருப்பேன். அது எனக்கு அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும்.

வெர்னாவைச் சபைக் கல்லறையிலேயே அடக்கம் செய்தோம். ஆர்டித் அம்மாள் ஆர்கனை விட்டு வெளியே வந்து, வெறும் குரலில் பாடினார். என்னிடம் "நான் சொன்னேனே" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். லைல் ஆராதனைக்கு வருவதாகச் சொன்னான். இன்னும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வாசலைப் பார்க்கிறேன், இப்போது வேறு காரணத்துக்காக.

தலைவர் பதவியை விட்டுவிட்டேன், துப்பாக்கியை நாடீனிடம் கொடுத்துவிட்டேன். குழு கலையவில்லை, வேறொருவர் நிற்கிறார். "நாளைக்கே நெஜமாவே ஒருத்தன் வந்தா?" என்று கேட்கிறார்கள். அதற்கு அப்பாவிடம் பதில் இருந்திருக்கும், அக்கா. அவர் இருந்தபோது நான் கேட்கவில்லை. இவ்வளவு நாளும் ஒரு கொலைகாரன் உங்களுக்குத் தம்பியாக இருந்திருக்கிறான் என்பதை அறிந்து, என்னை மன்னித்து, எனக்காக ஜெபியுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆசீர்வாதம். உங்கள் முழங்காலுக்குக் கர்த்தர் பெலன் தருவாராக.

தங்கள் கீழ்ப்படிதலில்லாத தம்பி,
ஹார்லன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குமுன் நாடீன் இதை வாங்கிப் படித்தாள். "கொலைகாரன்" என்ற இடத்தில் நிறுத்தி, மேசையில் தலைகவிழ்ந்து அழுதாள். அப்புறம் சமையலறைக்குப் போய்ப் பொத்தான் போட்டு வைக்கிற ஜாடியை எடுத்து வந்து என்முன் கவிழ்த்தாள். என் துப்பாக்கியின் குண்டுகள் அத்தனையும் பொத்தானோடு உருண்டன. அவள் சிறுவயதிலிருந்தே தன் அப்பாவோடு மான் வேட்டைக்குப் போனவள். ஞாயிறுதோறும் எனக்குத் துப்பாக்கியை எடுத்துத் தருவதும் வாங்கிப் பூட்டுவதும் அவள்தான். "முதல் வாரத்துலயே எடுத்துட்டேன் ஹார்லன். உன்கிட்ட சொன்னா சண்டைக்கு வருவே. நானா செய்யல, நீ துப்பாக்கி வாங்கினதைச் சொன்னதும் உங்க அக்காதான் ஃபோன்ல அழுது சத்தியம் வாங்கினாங்க" என்கிறாள். ஆக, இவ்வளவு தாளை எழுதி நான் யாருக்குச் சேதி சொல்லிக்கொண்டிருக்கிறேன்? அந்தத் துப்பாக்கியில் குண்டு இல்லை என்று உங்களுக்குத் தெரியும், நாடீனுக்குத் தெரியும். எனக்கும் அந்தப் பிள்ளைக்கும்தான் தெரியாது.