எந்த டயரு?

நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் நேரம் மிச்சமாகும். ஒப்புக்கொள்கிறேன். மிச்சமான நேரத்தை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

எனக்குப் பெண் பார்க்கப் போன நாள் அது. கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு அம்மாவும் சொந்தக்காரர்களும் பூ, பழத் தட்டுகளோடு வேனில் கிளம்பினார்கள். நான் மட்டும் புதிதாக வாங்கிய பழைய காரில். (ஏசி உண்டு. காற்றுதான் வராது.) போட்டோவில் பார்த்த நிமிஷமே அந்தப் பெண் மேல் பைத்தியமாகியிருந்தேன். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. நேரத்துக்குப் போய் நல்ல பெயர் வாங்கவில்லையென்றால் இதுவும் போய்விடும் என்ற பயம் காலில் இறங்கி ஆக்சிலேட்டரை மிதித்தது. கன்டெய்னர் லாரிகளை வளைத்து வளைத்து முந்தினேன். வேன் எங்கோ பின்னால் காணாமல் போனது.

பெண் வீட்டுக்கு எதிரே காரை நிறுத்தியபோது அம்மா போனில் வந்தாள்.

“நைனா, தனியா உள்ள பூந்துடாத. தட்டு போனப்புறம்தான் மாப்பிள்ள போவணும். நாங்க வர்ற வரிக்கும் வெளியவே இரு.”

இருந்தேன். நல்ல வெயிலில், அரை மணி நேரம். இஸ்திரி போட்ட சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள், போட்டோவில் பார்த்த அதே பெண். (என் போட்டோவை ஸ்டுடியோக்காரர் வெளுத்துத் தந்திருந்ததால் அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.)

“இன்னா சார், ரொம்ப நேரமா எங்க ஊட்டையே பாத்துக்கினு கீறீங்க?”

நான்தான் மாப்பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

“டயரு பஞ்சருங்க.”

“எந்த டயரு?”

காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்தாள். கடைசி டயரை உதைக்கும்போது வேன் வந்து நின்றது. அம்மா தட்டோடு இறங்கி, “அதுக்குள்ள மாப்பிள்ளகூட பேச ஆரம்பிச்சிட்டியாம்மா?” என்றாள். எனக்குக் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

உள்ளே அம்மா என் வேகத்தைப் பற்றிப் பெருமையடித்து முடித்ததும், பெண் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். அவள் தலையெல்லாம் குனியவில்லை.

“அவ்ளோ வேகமா வந்து, மிச்சமான நேரத்துல இன்னா பண்ணீங்க?”

“உங்க ஊட்டத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”

சிரித்துவிட்டாள். ‘பொய் சொல்லத் தெரியாத ஆளு, இது போதும்’ என்று அவள் அப்பாவிடம் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவளுடைய அந்தத் தைரியத்தை நான் இன்றைக்கும் வியந்துகொண்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் அவள்தான் ஓட்டுகிறாள், நிதானமாக. லாரிகள் எங்களை முந்திப் போகும்போது பக்கத்து சீட்டில், அங்கே இல்லாத ஆக்சிலேட்டரை என் கால் மிதிக்கும். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பாள், “எந்த டயரு?”

பின்சீட்டில் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் காலை எடுத்துவிடுவேன்.