எரிவாயு மேடைக்கு அனுப்பிய குத்துவிளக்கு

மல்வேர்ன்,
ஸ்காபரோ, கனடா.

மலேசியாவில் மிரி நகரத்துக் கம்பனி விடுதியில் தங்கியிருக்கும் வருங்கால மருமகன், திருவளர்செல்வன் ஜனார்த்தனுக்கு மாமா சீனித்தம்பி எழுதிக்கொள்வது.

இங்கு எல்லோரும் சுகமாக இருக்கிறோம். என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். நீங்களும் அங்கே சுகமாக, முக்கியமாக வேலையோடு, இருக்க வேண்டுமென்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். தனுசியா என் போனிலிருந்து உங்கள் இலக்கத்தை அழித்துவிட்டாள். பெற்ற மகள்!

தம்பி, நடந்ததை நானே முறையாகச் சொல்லிவிடுகிறேன். பொன்னுருக்குக்கு ஐயர் நாள் குறித்துத் தந்தபோது நீங்கள் சரவாக் கடலுக்கு நடுவில், எரிவாயு எடுக்கும் மேடையில். கலியாண லீவை முன்கூட்டியே கேட்டீர்கள், மாற்று ஆள் இல்லையென்று கம்பனி கைவிரித்துவிட்டது. மாப்பிள்ளை இல்லாமல் தாலிக்குப் பொன் உருக்கினால் ஊர் என்ன சொல்லும்? ஊர் என்றால் இங்கே மல்வேர்ன், மார்க்கம், பிறகு யூனியன்வில்லில் உங்கள் அம்மா. "என்ர பிள்ளை இல்லாமல் என்ர வீட்டில பொன்னுருக்கோ? அப்ப கலியாணத்தைத் தள்ளி வையுங்கோ" என்று ஒரே பிடி. மண்டபம், மேளம், படக்காரர் எல்லாம் பேசியாயிற்று; இதை விட்டால் அந்த மண்டபம் அடுத்த வருடம்தான். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இங்கே ஆசாரி பொன்னை உருக்க, அங்கே நீங்கள் உங்கள் அறையில் விளக்கேற்றிவிட்டு வீடியோவில் நின்றால் போதாதா? ஐயரும் "ஓம், செய்யலாம்" என்றார். பொன் உருக்கியபின் மாப்பிள்ளை வீட்டை விட்டு வெளிக்கிடக்கூடாது என்பது நம் வழக்கம். நடுக்கடலில் நீங்கள் எங்கே வெளிக்கிடுவீர்கள்? எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஆகவே ஒரு சின்னக் குத்துவிளக்கு, திரி, நல்லெண்ணெய், கற்பூரம், இரண்டு நெருப்புப்பெட்டி எல்லாவற்றையும் பார்சலில் போட்டேன். முறுக்கு டின்னுக்கு அடியில் வைத்தது ஒளிப்பதற்கு இல்லை. கடல் காற்றில் ஈரம் பிடித்துவிடும் என்றுதான். உள்ளே என்னவென்று பார்சல்காரப் பிள்ளை கேட்டாள், முறுக்கு என்றேன். முறுக்கும் இருந்ததுதானே! ஹெலிகொப்டரில் ஏற்றுமுன் மிரியில் அதைத் திறந்து, முறுக்கை எடுத்து, அடியில் நெருப்புப்பெட்டியைக் கண்டு, உங்களைக் கரைக்கு இறக்கி விசாரணை வைப்பார்கள் என்று நான் கனவா கண்டேன்? "மாமா, இஞ்ச லைட்டரோட பிடிபட்டாலே அண்டைக்கே வீட்ட அனுப்பிப்போடுவாங்கள். நீங்கள் கற்பூரம் அனுப்பியிருக்கிறியள்" என்று போனில் மரியாதை குறையாமல் சொன்னீர்கள். ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனாலும் தம்பி, என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். நிச்சயத்தன்று நீங்கள் காட்டிய படத்தில், மேடைக்கு ஓரமாக நீட்டிய கம்பத்தின் நுனியில் தேர் உயரத்துக்கு நெருப்பு எரிந்ததே! மிஞ்சிய வாயுவை எரிக்கிறார்கள் என்றீர்கள். கம்பனியே அவ்வளவு நெருப்பை மூட்டி வைத்திருக்க, என் ஒரு திரியால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன். இதைத் தனுசியாவிடமும் சொன்னேன். "அப்பா, பிளீஸ், ஸ்டொப். அவருக்கு வேலை போனா நான் அவற்ற முகத்தில எப்பிடி முழிக்கிறது?" என்று அறைக்கதவைச் சாத்தினாள். உள்ளே அழுதது வெளியே கேட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

குற்றம் முழுவதும் என்னுடையது. இந்தக் கடிதத்தை உங்கள் மனேஜரிடம் காட்டுங்கள். மலேசியாவில் தமிழ் வாசித்துச் சொல்ல ஆளா இல்லை? என் யோசனைகளை இன்றோடு நிறுத்திவிட்டேன். கலியாணத்தைத் தள்ளி வைக்கவும் சம்மதம். என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிரந்தர வேலையும் கிடைக்க ஆசீர்வதிக்கும்,
மாமா சீனித்தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தனுசியா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். உங்கள்மேல் பிழை இல்லையென்று விசாரணை முடிந்துவிட்டதாம். ஆனால் மேடையில் உங்கள் இடத்துக்கு வேறொருவரை ஏற்றிவிட்டார்களாம். அதனால் உங்களை லீவில் போகச் சொல்லிவிட்டார்களாம். பொன்னுருக்குக்கு முன்பே வந்து இறங்குகிறீர்களாம்! ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்குகிறேன். இதெல்லாம் நான் திட்டம் போட்டுச் செய்தது என்று உங்கள் அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். மனேஜருக்கு மட்டும் சொல்லிப்போடாதேயுங்கோ.