தூங்கக் கூடாது என்று எழுத மறந்தேன்

நான் கதை எழுதிய முதல் பேய்ப்படத்தைப் பார்த்துக் கதிகலங்கிப் போனவன் நான் ஒருவன்தான். இதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் போர்வெல் வண்டியில் வேலைக்குப் போனவன் நான். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் போர் போட்டோம். மழை பெய்தால் வண்டிக்கடியில் படுத்தோம். அங்கே பொழுது போகாமல் நான் அவிழ்த்துவிட்ட பேய்க்கதைகளில் மயங்கித்தான் வண்டி ஓனர் பழனியண்ணன் படம் எடுக்கத் துணிந்தார். (அதுவரை நிதானமான மனிதர்.) இருந்த இரண்டு வண்டிகளில் ஒன்றை விற்றார்.

ராசிபுரத்தில் படம் வெளியான மூன்றாம் நாள், தியேட்டரில் எங்களையும் சேர்த்துப் பதினோரு பேர்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கூட்டம் வரலீன்னா படத்தத் தூக்கிருவமுங்க" என்றார் மேனேஜர்.

பழனியண்ணன் திட்டியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். திட்டாததால் ஒரு போட்டி அறிவித்தேன். காலைக்காட்சியில் தன்னந்தனியாக உட்கார்ந்து முழுப்படத்தையும் பார்ப்பவருக்கு என் பைக் பரிசு. எனக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த பைக்தான். எவரும் இடைவேளையைத் தாண்ட மாட்டார்கள் என்று அவ்வளவு நம்பிக்கை! விதிகளையும் நானே எழுதி கேட்டில் ஒட்டினேன். எழுந்து வரக் கூடாது. கத்தக் கூடாது.

வந்தவர் ருக்குமணியக்கா. விசைத்தறி ஓட்டுபவர். ராத்திரி ஷிப்ட் முடித்து, தலையெல்லாம் பஞ்சோடு நேராக வந்திருந்தார்.

"தறிக்குத் தெனமும் நடந்தே போறேனுங்க. வண்டி கெடச்சா ஆவும். ஏனுங்க, உள்ள ஃபேன் ஓடுமுங்களா?"

ஓடும் என்றேன். கேபிள் டிவிக்காரரை கேமராவோடு கதவருகே நிறுத்தினேன், அக்கா அலறி ஓடி வருவதைப் பிடிக்க. உள்ளே பேய் சிரித்தது, இடி இடித்தது, உடுக்கை அதிர்ந்தது. அக்காவிடமிருந்து சத்தமே இல்லை. படம் முடிந்து விளக்குப் போட்டதும் உள்ளே போனோம். வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்பி மைக்கை நீட்டினார்கள்.

"படம் எப்பிடிங்க்கா?"

"அருமையான சத்தமுங்க. தறி ஓடற மாதரயே இருந்துச்சு, நல்லாத் தூங்கினேன். நடுவுல ரெண்டு தடவ சத்தம் நின்னுபோச்சு. அப்பத்தான் பக்குன்னு முழிச்சேன்."

"அக்கா, தூங்குனா செல்லாதுங்க" என்றேன்.

அவர் என்னைக் கேட்டுக்குக் கூட்டிப்போனார். நான் எழுதிய இரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்தார். "எந்திரிச்சு வந்தனா? கத்துனனா? அப்பறம் என்னங்க?"

பழனியண்ணன் படம் வெளியானதிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார். "சாவியக் குடு சாமி."

கொடுத்தேன். அண்ணனுடைய நேர்மைக்கு முன்னால் நான் எழுதிய பேய் எந்த மூலைக்கு!

அந்தப் பேட்டியைக் கேபிளில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். மறுநாள் முதல் ராத்திரி ஷிப்ட் முடித்த தறிக்காரர்கள் காலைக்காட்சிக்கு வரிசையில் நின்றார்கள். தலையணையோடு வந்தவரும் உண்டு. தூங்குபவர்களைப் பார்க்க மற்றவர்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமை மேனேஜர் படத்தைத் தூக்கவில்லை. பழனியண்ணன் இன்னொரு வண்டியை விற்கவும் இல்லை.

ஆனால் அந்த 'பக்' என் மண்டையை விட்டுப் போகவில்லை. பத்து வருடம் பேய்க்கதை சொன்னவனுக்குத் தெரியாததை, தூங்கி எழுந்த பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அடுத்த படத்தில் பேய் வரும்போதெல்லாம் இசையை நிறுத்தினேன். முதல் காட்சிக்கு அக்காவை அழைத்தேன். என் பைக்கிலேயே வந்தார். அரை மணி நேரத்தில் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

"ஏஞ்சாமி, நம்பித் தூங்க வந்தவள இப்பிடிப் பண்ணலாமா?"

எனக்குக் கிடைத்த ஒரே விருது அதுதான்.

வீட்டிலோ இன்னும் முதல் படத்துக்குத்தான் மரியாதை. மகள் தூங்க அடம்பிடித்தால் என் மனைவி குரல் கொடுப்பாள். "ஏனுங்க, உங்க பேயக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

டிவியில் படத்தைப் போடுவேன். திரையில் என் பெயர் வருவதற்குள் மகள் தூங்கியிருப்பாள்.