அடி கனத்த கிடாரம்

தலையையும் இரண்டு தோள்களையும் பெரிய சமையல் கிடாரத்துக்குள் விட்டு, விரலை மடக்கி அடியைத் தட்டி, அந்த ஓசை அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே இரண்டு கால்களும் ஒரு சோடிச் செருப்பும் மட்டும் தெரிந்தன. காத்தான்குடிப் பாத்திரக்கடை உசனார் காக்கா அந்தக் கால்களைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"மூர்த்தி தம்பி, நீங்க சட்டி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"அடி கனம் காணாது போலக் கிடக்கு காக்கா," என்றது கிடாரம்.

"போன கிழமையும் அதத்தான் சொன்னீங்க. அதுக்கு முதல் மூடி சரியில்லண்டீங்க. கலியாணத்துக்குப் புரியாணி ஆக்கிறவனும் இப்பிடித் தட்டிப் பாக்கல்ல."

வாசகரே, இவர்தான் சாமான் பார்ப்பவர். களுவாஞ்சிக்குடியில் இவருக்கு வினாயகமூர்த்தி என்று பெயர். உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கும். தோட்டம் போட நினைத்தால் மண்வெட்டிப் பிடிக்கு எந்த மரம் நல்லது என்று ஊரெல்லாம் விசாரித்து, மாரி முடிந்த பிறகு ஒரு முடிவுக்கு வருவார். தூண்டில் போட ஆசைப்பட்டால் வாவிக்கரையில் நிற்கிற எல்லோரோடும் நைலோன் நூலின் தடிப்பைப் பற்றிக் கதைத்துவிட்டு, சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வருவார். வீட்டில் தேனீப்பெட்டி வைத்திருக்கிறார், அது தேனீக்களுக்குத்தான் தெரியாது. சோம்பேறி என்று சொல்லிவிட முடியுமா? நாள் முழுக்க ஓடுகிற மனிதர். ஆனால் வேலை தொடங்கும் இடத்துக்கு ஒரு முழம் இப்பால் வந்ததும் ஒரு சாமான் குறைவதைக் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த முறை சாமான் பியருக்கு.

மனைவி யசோதினியின் அண்ணன் உதயரூபன் மெல்பேர்னிலிருந்து வந்தபோது முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லியும், கசப்புக்குப் போடும் ஏதோ ஒரு பூவின் உருண்டைகளும், ஈஸ்ட் பக்கற்றும் கொண்டுவந்து கொடுத்தான். செய்முறையையும் சொன்னான்.

"ஒரு பானை, ஒரு துணிப்பை, மூடியுள்ள ஒரு வாளி. அவ்வளவுதான் மச்சான். பையப் பானைக்குள்ள விரிச்சி, சுடுதண்ணில பார்லியக் கொட்டி ஊறவிடு. மறுகா பையத் தூக்கிப் பிழி. மிஞ்சின தண்ணில பூவப் போட்டுக் கொதிக்கவெச்சி, ஆறினாப்போல வாளில ஊத்தி ஈஸ்டப் போடு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். குடும்பம் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இதையும் சொன்னான்: "ஆனா மச்சான் செய்யமாட்டார். சாமான் பாப்பார். நான் ஆனில வரக்குள்ள ஒரு கிளாஸ் தந்திற்றாரெண்டா, இனி அவரப் பத்தி நான் வாயே திறக்கல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். யசோதினியும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை மூர்த்தி அன்றைக்கே மறந்துவிட்டார். அவள் சிரித்தது மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. ஆனிக்குள் அந்த ஒரு கிளாஸை நீட்டியாக வேண்டும். அவள் பார்க்க நீட்ட வேண்டும்.

வீட்டில் பியர் காய்ச்சச் சட்டம் விடுமா என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். அதற்கு எங்கே நேரம்? பையைப் பற்றியல்லவா முதலில் யோசிக்க வேண்டும்! வேட்டித்துணி என்றால் தண்ணீர் இறங்காது. இறால் வலை என்றால் பார்லியே இறங்கிவிடும். நடுவில் நிற்பது கட்டிலுக்குக் கட்டும் நுளம்பு வலை. அதை வெயிலில் பிடித்துப் பார்த்து, "இதுக்குள்ளால பார்லிக் குறுணி போகுமா?" என்று துணிக்கடையில் கேட்டார். "பார்லியும் கடிக்குமா அண்ணே?" என்று கேட்டான் கடைக்காரன்.

தைத்துக் கொடுத்தவள் யசோதினி.

"இஞ்சேருங்க, முதல் பை சின்னனெண்டீங்க. அடுத்த பைக்கு மூலை இருக்கு, மூலைக்குள்ள மா நிக்குமெண்டீங்க. இந்தா, வட்டமாத் தைச்சிருக்கன். இனியும் தைக்கிறதெண்டா பானைக்குத்தான் சட்டை தைக்கணும்."

அடுத்தது சூடு. பார்லி ஊற அறுபத்தாறு பாகை வேண்டும். காய்ச்சல் பார்க்கிற கருவி நாற்பத்திரண்டோடு நின்றுவிட்டது. இன்னும் மேலே போகிற ஒன்று இல்லையா என்று மருந்துக்கடையில் கேட்டார். "அதுக்கு மேல போனா ஆளுக்கு மருந்து தேவைப்படாது அண்ணே," என்றார்கள். பிறகு, நனைந்த பையைத் தூக்கக் கிணற்றுக் கப்பி. கப்பியைத் தொங்கவிட மாமரக் கிளை. அந்தக் கிளை தாங்குமா? தானே தொங்கிப் பார்த்தார். தாங்கியது. ஆனால் கப்பி கிரீச்சிட்டது.

இப்படியே மாசி போயிற்று, பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று. பானைதான் பாக்கி.

"இத எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி," என்றார் உசனார், அவரைக் கிடாரத்திலிருந்து வெளியே இழுத்துவிட்டு. "இதவிடக் கனத்த அடி இந்த ஊருல இல்ல. புடிக்காட்டிக் கொண்டாங்க. தலைய மட்டும் கொண்டராதீங்க."

உதயரூபனின் பார்லி அந்தக் கிடாரத்தின் அடியை மூடினாலே பெரிய காரியம். அதனாலென்ன? அடி கனம்.

ஓட்டோவிலிருந்து கிடாரத்தை இறக்குகிற நேரம், கோயிலிலிருந்து பெண்கள் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். அன்று கண்ணகை அம்மன் கோயிலில் வருடாந்தச் சடங்குக்குக் கதவு திறந்த நாள். இனிக் கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை அந்தத் தெருவில் மீனில்லை, இறைச்சியில்லை, குடி என்ற பேச்சேயில்லை. காலையில் பறை கேட்டபோது மூர்த்தி கிடாரத்து மூடியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வீட்டு இரத்தினம்மா முன்னால் வந்து நின்றாள்.

"என்னகா மூர்த்தி, கிடாரம்? அம்மாளுக்கு நேர்த்தியா?"

ஒரு பைத்துணியைத் தெரிவுசெய்ய மாதக்கணக்கில் எடுத்த மனிதர், ஒரு மூச்சுக்குள் ஒரு பதிலைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது.

"ஓம் அக்கா."

"புக்கையா?"

"ஓம் அக்கா."

"அப்ப என்னத்துக்கு நிக்காய்? கதவு திறந்த நாளிலயே பொங்கிருவம்."

அவ்வளவுதான். புக்கைப் பொங்கலுக்கு ஒருத்தி அரிசி கொண்டுவந்தாள், ஒருத்தி தேங்காய் கொண்டுவந்தாள், எங்கிருந்தோ கற்கள் வந்தன. எந்தக் கல் மட்டமாக இருக்கிறது என்று மூர்த்தி குனிந்து பார்ப்பதற்குள் அவற்றின் மேல் கிடாரம் ஏறி, கீழே நெருப்பும் பற்றிவிட்டது. "பால் பிழியத் துணி எங்க?" என்று இரத்தினம்மா கேட்டாள். யசோதினி கணவனைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் வட்டப்பையை எடுத்துக் கொடுத்தாள்.

"நல்ல பைகா! துளி சக்கை இறங்கல்ல. எங்க எடுத்த?"

மூர்த்தி நுளம்பு வலையின் கண்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கேட்க யாருக்கும் கை சும்மா இருக்கவில்லை.

அரிசி பாதி வெந்ததும் இரத்தினம்மா குசினிக்குள் சீனி தேடப் போனாள். திரும்பி வந்தபோது கையில் பார்லிப் பொதி இருந்தது. அதன் வாய் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது.

"இது என்ன, கோதுமைக் குறுணியா?"

"பார்லி அக்கா. அது வந்து..."

"பார்லியா? உடம்புக்குக் குளிர்ச்சி. அரிசியும் கொஞ்சம் காணாது."

பொதி கிடாரத்துக்கு மேலே சரிந்தது. பியருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மன் கதவு திறந்த நாளில், ஈரத்தலையோடு நிற்கிற இத்தனை பெண்களுக்கு நடுவில் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். மூர்த்தி வாயைத் திறந்தார்.

"மெல்லக் கொட்டுங்க அக்கா. அடி புடிச்சிரும்."

"புடிக்காது," என்றாள் இரத்தினம்மா, அகப்பையால் கிளறிக்கொண்டே. "நல்ல கனத்த அடி."

புக்கை கொஞ்சம் செம்மண் நிறத்தில் வந்தது. அங்கங்கே உமி கடிபட்டது. இப்படியொரு வாசத்தில் புக்கை தின்றதில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு, இரண்டாம் தரமும் வாங்கித் தின்றது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். காலையில் நடப்பதற்கென்று பார்த்துப் பார்த்து வாங்கிய சப்பாத்து பெட்டியோடு கட்டிலுக்கடியில்தானே கிடக்கிறது? இதை வாசிக்கக் குந்துமுன் எந்தக் கதிரை தோது என்று கொஞ்சநேரம் நின்று பார்த்தது யார்?

மறுநாள் மூர்த்தி கிடாரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார். மெல்பேர்னிலிருந்து அழைப்பு வந்தது. யசோதினி எடுத்தாள். பார்லி என்ன ஆயிற்று என்று அண்ணன் கேட்டான். முடிந்துவிட்டது, தெருவே வந்தது, ஒரு சொட்டும் மிஞ்சவில்லை என்றாள். அண்ணன் உடனே காலநிலையைப் பற்றிக் கேட்டான். பின்னேரம் மூர்த்தி மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினார். ஈஸ்ட் பக்கற்றைப் போட்டுவைக்கக் காற்றுப் புகாத போத்தல் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது.