சைலன்சரில் மாட்டிய சம்பந்தம்

நகரி,
12.2.1999

அன்புள்ள மச்சான் கோவர்த்தனனுக்கு, உன் அக்கா புருஷன் ஏகாம்பரம் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா தாட்சாயணியும் உடம்பளவில் சௌக்கியம். மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். விஜயபுரத்தில் உன் வேர்க்கடலை நல்லபடியாக விளைந்திருக்கும் என நம்புகிறேன்.

நிற்க. பெங்களூரில் ஆராய்ச்சி முடித்து டாக்டர் பட்டம் வாங்கிய நம் பெண் சிவசங்கரிக்கு ஜெர்மனியில் ஒரு கார் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. என்ன வேலை என்று கேட்டேன். கேட்டலிஸ்ட் என்றாள். தெலுங்கில் உத்பிரேரகமாம், தமிழில் வினையூக்கியாம். இரண்டும் என் வாயில் நிற்கவில்லை. கடைசியில், "வண்டிப் புகையில இருக்கிற விஷத்த எடுக்கிற வேல நைனா" என்றாள். அதை நான் பஞ்சர் கடை நாகபூஷணத்திடம் பெருமையாய்ச் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. மறுநாள் விடிஞ்சதும் எதிர்வீட்டுக் கன்னையா மொபெட்டைத் தள்ளிக்கினு வாசல்ல நிக்கிறான், புகையா கக்குது, பாப்பாவைப் பாக்கச் சொல்லுங்கறான். பின்னாலயே ஒரு ஆட்டோ, அதுக்குப் பின்னால ஒரு டிராக்டர். இவளும் யாரையும் விரட்டாம, தன் வேலை ரிப்பேர் இல்ல, மெட்ராஸ்ல விக்கிற புதுக் காருங்கள்ல புகை போற வழியில பிளாட்டினம் பூசின ஒரு சாமான் இருக்குது, விஷக்காத்து அதைத் தொட்டா மாறிப்போவும், அது மட்டும் அப்படியே இருக்கும், அதைப் பத்திதான் ஆராய்ச்சின்னு பொறுமையா சொல்லிக்கினு இருந்தா. கேட்டவங்க காதுல பிளாட்டினம் ஒண்ணுதான் விழுந்தது. தங்கத்தைவிட உசத்தியான்னு நாகபூஷணம் திரும்பத் திரும்பக் கேட்டுட்டுப் போனான்.

இதுக்குள்ள நான் ஒரு காரியம் பண்ணேன். சீமைக்குப் போன பொண்ணு திரும்பி வராதுங்கிற பயத்துல, திருப்பதி காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லிக்குடுக்கிற பாலசுந்தரம்னு ஒரு வரனை வரச் சொன்னேன். அவரைக் கட்டிக்கினா திருப்பதியிலயே இருப்பா, ரேணிகுண்டாவுல ரயில் மாறினா போய்ப் பாத்துட்டு வந்துடலாம் பாரு. ஞாயித்துக்கிழமை அவர் அம்மாவைக் கூட்டிக்கினு, மெட்ராஸ் மாமனோட புதுக் கார்ல வந்தார். பஜ்ஜி துன்னுக்கினு பேச்சு நல்லாத்தான் போய்க்கினு இருந்தது. திடீர்னு தெருவுல அலறல். ஓடிப்போய்ப் பாத்தா, நாகபூஷணம் காருக்குப் பின்னால படுத்துக்கினு சைலன்சர் குழாய்க்குள்ள ரெண்டு விரலை விட்டிருக்கான், பிளாட்டினம் தேடறதுக்கு. விரல் வெளிய வரல. மாப்பிள்ளையோட அம்மா முகத்துல ஈயாடல. சங்கரி பட்டுப்புடவையோட குந்திக்கினு, விரலுக்குத் தேங்காயெண்ணெ விட்டு உருவிட்டு, "அது இங்க இல்ல மாமா, வண்டிக்கு நடுவுல இருக்குது"ன்னா.

எங்கேன்னு கேட்டது நாகபூஷணம் இல்ல, மாப்பிள்ளை. வெள்ளைச் சொக்காயோட வண்டிக்கு அடியில புகுந்துட்டார். காட்டறேன்னு இவளும் புகுந்துட்டா. நாலு காலு மட்டும் வெளிய தெரியுது. உள்ள தேன்கூடு மாதிரிங்கறாங்க, சூடுங்கறாங்க, சிரிக்கிறாங்க. காபி ஆறிப்போச்சி. பொண்ணைப் பாடச் சொல்லிக் கேக்கணும்னு அந்தம்மா வந்தாங்களாம், இப்ப காலைப் பாத்து என்னா கேக்கறதுன்னு என்னையே கேட்டாங்க. ஒடம்பெல்லாம் கரியோட வெளிய வந்த மாப்பிள்ளை என் கையைப் புடிச்சிக்கினு, "கல்யாணத்த சீக்கிரம் வெச்சிடுங்க மாமா, நானும் இவங்களோட ஜெர்மனிக்கே போயி ஆராய்ச்சி பண்ணப்போறேன்"ன்னார்.

ஒண்ணைத் தடுக்கப் போனேன், இப்ப ரெண்டு போவுது. தறி ஓடற சத்தத்துக்கு மேல 'நைனா'ன்னு கூப்புடறதுக்கு வீட்டுல வேற யாரு இருக்கா? உன் அக்கா சோறு துன்னாம கெடக்கா. சங்கரி உன் பேச்சை மட்டுந்தான் கேப்பா. ஆகையால் உடனே புறப்பட்டு வந்து அவளைத் தடுத்து நிறுத்தவும்.

திருத்தணி முருகன் உன் குடும்பத்தைக் குறையில்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

தீராக் கவலையுடன்,
ஏகாம்பரம்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் சங்கரி வந்து, அடுத்த கோடைக்கு எங்க ரெண்டு பேரையும் ஜெர்மனிக்கு அழைச்சிக்கப்போறதா சொன்னாள். உன் அக்கா ரெண்டு தட்டு சோறு துன்னுட்டு, தெரு முழுக்கச் சொல்லப் போயிருக்கிறாள். நீ வந்து புத்திமதி எதுவும் சொல்லித் தொலைக்காதே. டில்லிக்குப் போனப்ப வாங்கினியே ஒரு கம்பளிச் சொக்கா, அதை மட்டும் எடுத்துக்கினு வா. எனக்குப் பத்துமான்னு போட்டுப் பாக்கணும்.