குளியல்தொட்டியில் ஒரு வடகடல்

"இன்னும் பெரிய அலையா போடு சில்யே!" என்று கத்தினார் அப்பா. குளியல்தொட்டி ஓரத்தில் முட்டிபோட்டிருந்தார்.

எனக்குப் பயம். போன புயலில் வடகடல் எங்கள் தோட்டத்தைக் கடித்து, கோழிக்கூண்டை விழுங்கிவிட்டது. அடுத்தது என் அறைதான். கடல் தடுப்புச்சுவருக்கு அனுமதி தரும் அதிகாரி ஹென்னிங் இன்று மதியம் வருகிறார். இரும்பா, கான்கிரீட்டா, பாறையா, எது நிற்கும், ஏன் நிற்கும் என்று அப்பா அவரிடம் விளக்க வேண்டும். உளறினால் அனுமதி கிடையாது. அதற்குத்தான் தொட்டியில் இந்தச் சோதனை.

கேக் தட்டுதான் இரும்புச்சுவர். பலகையால் தண்ணீரைத் தள்ளினேன். அலை தட்டில் மோதி, திரும்பித் துள்ளி, என் முகத்தில் அறைந்தது.

"அட! வாங்குன அடிய அப்படியே திருப்பிக் குடுக்குதே!" அப்பாவின் கண்கள் மின்னின.

"தரையெல்லாம் தண்ணிப்பா."

"தரை கெடக்கு. கான்கிரீட்ட எடு."

கான்கிரீட் என்றால் காய்ந்த கருப்பு ரொட்டி. அது கொஞ்ச நேரம் வீராப்பாக நின்றது. பிறகு அடியில் கரைந்து, கவிழ்ந்து, கூழாகி, வடிகுழாயை அடைத்துக்கொண்டது.

கடைசியாக, பாறைக்குப் பதில் உருளைக்கிழங்குக் குவியல். அலை சீறிக்கொண்டு வந்து அதற்குள் நுழைந்தது. அப்படியே அடங்கிவிட்டது.

"பாத்தியா! சந்து சந்தா பூந்து அலையே களைச்சுப் போச்சு! இரு, நெஜப் புயல் வெச்சுப் பாப்போம்."

குழாயை முழுசாகத் திருகினார். பிடி கையோடு வந்துவிட்டது.

தொட்டி வழிந்தது. அப்பா துண்டுகளைக் கதவடியில் திணித்தார். தண்ணீர் தரை வழியாக வேறு வழி தேடிக்கொண்டது.

"எஸ்பென்!" கீழிருந்து அம்மா அலறினாள். "கூடத்து வெளக்குலேருந்து தண்ணி ஊத்துது! மேல என்னதான் பண்ற?"

அப்பா பதறிப்போய்க் கதவைத் திறந்தார். தேங்கியது மொத்தமும் உருளைக்கிழங்குகளோடு மாடிப்படியில் இறங்கியது.

அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் வால்வை மூடினாள். அதற்குள் வாசலில் ஹென்னிங். அவர் பூட்ஸைச் சுற்றிச் சின்னச் சின்ன அலைகள்.

"என்ன எஸ்பென் இது?"

"கடல்!" என்றார் அப்பா. பொய் தானாக வந்துவிட்டது. "கடல் உள்ள வந்துடுச்சு!"

தொலைந்தோம் என்று நினைத்தேன். ஹென்னிங் மாடிப்படியைப் பார்த்தார். குனிந்து, மிதந்த உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"இந்தத் தெருவுல மட்டும் கடல் மாடிலேருந்துதாங்க எறங்குது. பக்கத்து வீட்டுத் தொட்டிலயும் உருளைக்கெழங்குதான் ஜெயிச்சுது. உங்களுக்கும் பாறைன்னே எழுதிக்கட்டுமா?"