டேம் எங்கீங்க தம்பி?

பதற்றம் வந்தால் சிலருக்குப் பேச்சு வராது. எனக்குப் பொய் வரும். (அதுவும் அளவாக வராது.)

மேட்டூருக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா மேட்டூர் அணையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இன்ஜினியர். "உங்க ஊர்ப்பக்கம் டேம் இருக்குதுங்களா தம்பி?" என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

"ஸ்ரீவைகுண்டம் டேம் இருக்குல்லா சார்! மேட்டூரை விடக் கொஞ்சம்தான் சின்னது" என்றேன், வாயில் கேசரியோடு.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள் என்பது அப்போது மண்டையில் உறைக்கவில்லை. அடுத்த ஞாயிறு வந்து இறங்கிய பெண்ணின் அப்பா வீட்டையும் பார்க்கவில்லை, என் துறைமுக வேலையையும் விசாரிக்கவில்லை. "மொதல்ல டேமைப் பாத்துருவோங்க" என்றார். கழுத்தில் பைனாகுலர் வேறு! எனக்கோ அந்தப் பெண்ணை அவ்வளவு பிடித்திருந்தது. புளுகன் என்று தெரிந்தால் காரியம் கெட்டது.

எங்கள் அணை தாமிரபரணியின் குறுக்கே ஆளுயரத்துக்கு ஒரு நீளச் சுவர், அவ்வளவுதான். அதன்மேல் ஏறி நின்று, பைனாகுலரால் நாலு திசையும் துழாவினார்.

"டேம் எங்கீங்க தம்பி?"

"நீங்க நிக்கது... அதுதான் சார்."

குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஈரத்துணிக் கூடையோடு ஓர் அக்கா வந்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் அங்கன தள்ளி நில்லுங்க. சேலை காயப்போடணும்லா."

இன்ஜினியர் தள்ளி நின்றார். அவர் நின்ற இடத்தில் சேலை விரிந்தது. என் மானமும் பக்கத்திலேயே காய்ந்தது.

"மன்னிச்சிருங்க சார். பொண்ணு கிடைக்காமப் போயிருமோன்னு பயத்துல அளந்துட்டேன்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அத்தன வருசம் வேலை பாத்தனுங்க, எங்க டேம்ல ஒரு கைக்குட்டை காயப்போட முடிஞ்சதில்லீங்க!" அப்படியே உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டார். "இதுக்கு அப்புறம்?"

"இதான் கடைசி அணை. அப்புறம் கடல்தான்."

"நல்லாத்தான் கட்டிருக்காங்க" என்று கல்லைத் தட்டிப் பார்த்தார். "பொண்ணு குடுக்கறனுங்க மாப்ளே. ஆனா இனி எதுக்கும் அளவு நீங்க சொல்லாதீங்க, நானே வந்து எடுத்துக்கறேன்."

கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் நான் வீட்டில் எதைப் பற்றிப் பெருமையடித்தாலும் என் மனைவி மறுத்துப் பேசுவதில்லை. அப்பா சொன்ன டேம் கதையை வைத்து ஒரே கேள்விதான் கேட்பாள். போன வாரம்கூட, "ஆபீஸ்ல பெரிய பதவி குடுத்துட்டாங்க!" என்று குதித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"அதுல எத்தன சேலை காயும்?"

இந்தத் தடவை சரியாக அளந்து பார்த்தேன்.

"ஒரு கைக்குட்டை காயும்" என்றேன்.